ஷார்ஜாவிலிருந்து காரமடை வாசலுக்கு

போன மாதம் கவிதா என்னைப் பார்க்க வந்திருந்தாள். என் கடையில் விமான டிக்கெட் போடக் கற்றுக்கொண்டு, இப்போது சரவணம்பட்டியில் சொந்தமாகக் கடை நடத்துகிற பெண். உட்கார்ந்ததும் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்கய்யா. ஷார்ஜாவுக்கும் கோயமுத்தூருக்கும் எத்தனை தூரம்னு தட்டுனா நொடியில வந்துருது. ரெண்டாயிரத்து எழுநூத்திச் சொச்சம் கிலோமீட்டரு, நாலு மணி நேரம். டிக்கெட்டும் அதுலயே போட்டுக்கறாங்க. இனி நம்மளுக்கு என்னங்கய்யா வேலை?"

"ஷார்ஜாதான் கெடைச்சுதா உனக்கு? வேற ஊரே இல்லையா?" என்றேன்.

அவளுக்குக் காரணம் தெரியும். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அதைத்தானுங்கய்யா எழுதிக் குடுங்கன்னு கேக்க வந்தேன். டிக்கெட்டுக்காரங்க சங்கத்து மலர்ல போடறோம். புதுசா வந்திருக்கற பசங்க படிக்கட்டும்" என்றாள்.

எழுதிவிட்டேன். பிழை இருந்தால் கவிதா திருத்திக்கொள்வாள். பிழை எழுத்தில்தான் இருக்கும், சமாச்சாரத்தில் இருக்காது.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவன். மண்டிக்காரர் சரக்குப் பேசப் பம்பாய்க்கும் டெல்லிக்கும் போவார். அவருக்கு டிக்கெட் வாங்கிவரக் கோயமுத்தூருக்கு என்னைத் தாட்டிவிடுவார். டிக்கெட் கடையில் காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த விமான நேரங்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கடை முதலாளியே யாருக்கோ ஒரு நேரம் தேடித் தடுமாறியபோது நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த மாதம் அவர் கடையில் வேலைக்கு இருந்தேன். சில ஆண்டு கழித்துக் காரமடையில் சொந்தக் கடை போட்டேன். மேட்டுப்பாளையத்துக்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்கும் நடுவில் முதன்முதலாக விமான டிக்கெட் விற்றவன் நான்தான். வேறு யாராவது தான்தான் என்று சொன்னால் அவரை என்னிடம் அனுப்புங்கள். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் வீடு வாங்கிய நாலு பேரை எடுத்துக்கொண்டால் மூன்று பேர் என் கையால் ஏறியவர்கள். நாலாமவன் ஏறும்போது எனக்குக் காய்ச்சல்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்த முதலாளி வரதராஜன். வீட்டில் தெலுங்கு, கடையில் எங்கள் தமிழ், போனில் இங்கிலீஷ். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் 'ங்க' கூடும். "ஏனுங்க மருதாசலமுங்க, இந்தப் பேருல ஒரு எழுத்து உட்டுப்போச்சுங்களாட்ட இருக்குதுங்களே" என்றால் அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் கண்ணில் படக் கூடாது என்று அர்த்தம். அப்போதெல்லாம் டிக்கெட்டைக் கையால் எழுத வேண்டும். பென்சில் முனையைக் காகிதத்தில் படாமல் ஓட்டி, பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையும் டிக்கெட்டில் இருக்கும் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பார். நம் ஆட்களுக்கு இன்ஷியல் முன்னால் இருக்கும், அப்பா பெயர் பின்னால் போகும். ஒன்று மாறினாலும் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவான். அது முடிந்ததும் ஆளைப் பார்த்து மூன்று கேள்வி கேட்பார். ஆருங்க போறாங்க, எதுக்குங்க போறாங்க, அங்க ஆருங்க காத்துட்டிருக்காங்க. பதில் வராமல் டிக்கெட்டைக் கையில் கொடுக்கமாட்டார்.

அவர் போட்ட முறைகளில் ஒன்று சாவு டிக்கெட்டுக்கானது. பக்கத்து மேஜையில் கணேசன் என்று ஒருவன் இருந்தான். ஒரு மில் தொழிலாளி இறந்து, பம்பாயில் இருந்த மகனுக்குக் குடும்பத்தார் டிக்கெட் போட வந்தார்கள். மகனிடம் பெயர் எழுத்துக் கேட்க டிரங்க் கால் போட்டான் கணேசன். லைன் கிடைத்ததும், "அப்பா காரியத்துக்குத்தானுங்களே வாரீங்க?" என்று கேட்டுவிட்டான். அந்த மகனுக்கு அதுவரை சேதியே தெரியாது. எங்கள் பக்கத்தில் தூரத்தில் இருப்பவர்களுக்குச் செத்த சேதியைச் சொல்லமாட்டோம். 'கொஞ்சம் முடியலீங்க, வந்து பாத்துட்டுப் போங்க' என்றுதான் சொல்வோம். வீட்டு வாசலுக்கு வந்து பந்தலைப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மகன் பம்பாயில் போன் பேசிய இடத்திலேயே விழுந்துவிட்டான். விமானம் ஏறவில்லை. அவன் இல்லாமலே எடுத்தார்கள்.

முதலாளி கணேசனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். "டிக்கெட்டுக்காரன் வாயில எழவு வரக்கூடாதுங்க. சேதி சொல்றது சொந்தக்காரங்க வேலைங்க. ஆளைக் கொண்டாந்து வாசல்ல சேக்கறதுதானுங்க நம்ம வேலை. வழியில அழறவங்களுக்கு ஊரு தூரமாயிருமுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். சொந்தக் கடையில் எத்தனையோ சாவு டிக்கெட் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. அதற்காகவே என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு.

என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இருக்கிறது. அதற்கு வாசல் கணக்கு என்று பெயர் வைத்திருந்தேன். விமானம் ஏறி இறங்குகிற நேரத்தை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் சொல்வது அந்த ஊர் வீட்டு வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து இந்த ஊர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும். சென்னை கோயமுத்தூர் ஆகாயத்தில் ஒரு மணி நேரம். வாசலுக்கு வாசல் அரை நாள். இதை மறந்து திட்டம் போட்டவன் எவனும் கல்யாணத்துக்கு நேரத்தில் வந்து சேர்ந்ததில்லை.

இனி ரங்கசாமி குடும்பத்தைப் பற்றி.

ரங்கசாமி காரமடைக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டம் வைத்திருந்தவர். என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணா என்பார். மனைவி மாராத்தாள். ஒரே மகள் சுதா, என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். சுதாவுக்குக் கல்யாணம் முடிந்து ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையோடு போவதற்கு டிக்கெட் போட மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும். ஷார்ஜா கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். ரங்கசாமி போகிற டிக்கெட்டையும் வருகிற டிக்கெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, போறதுக்கு ரெண்டரை மணி நேரம் போட்டிருக்குது, வாரதுக்கு அஞ்சரை மணி நேரம் போட்டிருக்குது. வாரப்ப மேடுங்களா?"

"மேடா?"

"ஊட்டி பஸ்ஸு ஏறறப்ப மொனகிட்டுப் போவுது, எறங்கறப்ப சுருக்கா வந்துருது. அதாட்டமுங்களான்னு கேட்டேன்."

சுதா சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கடிகாரக் கணக்கை விளக்கினேன். போனாலும் வந்தாலும் நாலு மணி நேரம்தான் என்றேன். மாராத்தாள் மகளைப் பார்க்காமல் சொன்னார்:

"போறதுக்கு மேடா இருந்திருந்தாத் தேவலைங்ணா. என்ற புள்ள பாதி வழியில திரும்பி வந்திருப்பா."

மாராத்தாள் அப்படித்தான் பேசுவார். எதையும் சிரிப்பது போலச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அந்த மாராத்தாளுக்கு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் கிருமி ஏறி, கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு ஊசி மருந்து இருக்கிறது, இங்கே இருப்பு இல்லை, கிடைத்தால் முயன்று பார்க்கலாம் என்று டாக்டர் சுதாவிடம் போனிலேயே சொல்லியிருந்தார். அவள் ஷார்ஜாவில் இருந்துகொண்டு தெரிந்தவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்து வருவதற்குள் ஒரு காலையில் மாராத்தாள் போய்விட்டார்.

மாராத்தாளின் தம்பி நாச்சிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"மருதாசலண்ணா, அக்கா போயிருச்சுங்க. சுதாவுக்கு இன்னைக்கே டிக்கெட் போட்டுருங்க. அம்மணிகிட்ட முடியலீன்னுதான் சொல்லியிருக்குது. நீங்களும் வாயத் தொறந்துபோடாதீங்க."

"எனக்கே சொல்றயா நாச்சிமுத்து?" என்றேன்.

அன்று இரவு ஷார்ஜாவில் ஏறினால் விடிவதற்கு முன் கோயமுத்தூரில் இறங்கும் நேர் விமானம் இருந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, சுதாவுக்கு மட்டும் அதில் போட்டேன். அம்மாவைப் பிரீசர் பெட்டியில் வைத்திருந்து மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எடுப்பது என்று ஏற்பாடு. மகள் வந்து தலைக்கு எண்ணெயும் அரப்புப் பொடியும் வைத்த பிறகுதான் குளிப்பாட்ட வேண்டும்.

மதியத்துக்கு மேல் சுதாவே என்னைக் கூப்பிட்டாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"பெரியப்பா, அந்த மருந்து சென்னையில கெடைச்சிருச்சுங்க! என்ற கூடப் படிச்சவ வாங்கித் தாரேன்னு சொல்லியிருக்கறா. நீங்க போட்ட டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டு, சென்னைக்கு நானே போன்ல போட்டுட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க."

"வேண்டாம் அம்மணி. நேரா வா. மருந்தை வேற ஆளுகிட்டக் குடுத்தனுப்பச் சொல்லு."

"வழியில ஐஸ் மாத்தோணுமுங்க. வேற ஆரை நம்பிக் குடுக்கறது? நேரமும் பெருசா ஒண்ணுமில்லீங்க. ஷார்ஜா சென்னை நாலு மணி நேரம், சென்னை கோயமுத்தூர் ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரந்தான் கூட."

"அது ஆகாயத்துக் கணக்கு கண்ணு. வாசல் கணக்கு வேற. மருந்துக் கடை தொறக்கோணும், அவ கொண்டாந்து குடுக்கோணும், அடுத்த விமானம் கெடைக்கோணும். பொழுது சாஞ்சுரும்."

"சாயட்டுமுங்க. மருந்து இல்லாம நான் சீக்கிரம் வந்து என்ன பண்றதுங்க? மொகத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதா?"

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அதற்காகத்தான் உன்னைக் கூப்பிட்டோம் என்றா?

"பெரியப்பா? அம்மா ஐசியூலதானுங்களே இருக்கறாங்க?"

"டாக்டர் என்ன சொல்றாருன்னு அப்பாகிட்டக் கேளு அம்மணி" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு ரங்கசாமியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "சொல்லிப்போடு ரங்கசாமி. இப்பவே சொல்லிப்போடு. அவ நேரா வந்துருவா" என்றேன்.

ரங்கசாமி, "முடியாதுங்ணா" என்றார். "அவ மருந்து கெடைச்சுதுன்னு சிரிக்கறா. அந்தச் சிரிப்பை என்ற வாயால எப்புடீங்ணா நிறுத்தறது? நீங்களும் சொல்லப்படாது. சத்தியம்."

சொந்தக்காரன் சொல்லாதே என்கிறான். என் முதலாளி போட்ட முறையும் அதுவே. நான் சொல்லவில்லை. என் மேல் குற்றமில்லை என்று ஊரே பிறகு சொன்னது.

மறுநாள் நான் சொன்னபடியே ஆயிற்று. சொன்னது பலித்ததில் எனக்குப் பெருமையில்லாத ஒரே நாள் அதுதான். விடியற்காலையில் சென்னையில் இறங்கினாள். மருந்து கைக்கு வரவே வெயில் ஏறிவிட்டது. மதிய விமானம் ஏதோ கோளாறு என்று தாமதமாகக் கிளம்பியது. காரமடையில் பெரியவர்கள் நெருக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் வைத்தாயிற்று, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ரங்கசாமி பிரீசர் பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டு, "என்ற மக வராம ஆரும் தொடப்படாது" என்று சொல்லிவிட்டார். அதட்டிக்கூடப் பேசத் தெரியாத மனிதர் அவர். அப்போதாவது அவளுக்குச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். நாச்சிமுத்து, "சென்னையில ஒத்தையா நிக்கறா. அங்க உழுந்துபோட்டா ஆருங்ணா தூக்கறது?" என்றார். எனக்குப் பம்பாய்க்காரன் நினைவுக்கு வந்தான். பேசாமல் இருந்துவிட்டேன்.

நானும் நாச்சிமுத்துவும் விமான நிலையத்துக்குப் போனோம். கார் என்னுடையது, ஓட்டியதும் நான்தான். காரில் வரும்போது தாய்மாமன் சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு.

சுதா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"பெரியப்பா, தொட்டுப் பாருங்க. ஐஸ் கரையவே இல்லீங்க."

தொட்டுப் பார்த்தேன். தொடாமல் என்ன செய்வது? "ஜில்லுன்னுதான் இருக்குது அம்மணி" என்றேன்.

"சுருக்கா ஓட்டுங்க. இன்னைக்கே ஊசி போட்டர்லாமுங்க."

பின்சீட்டில் அவளும் மாமனும். கண்ணாடியில் நாச்சிமுத்துவைப் பார்த்துச் சொல் என்று கண்ணைக் காட்டினேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஏங் கண்ணு…"

"என்னங்க மாமா?"

"பிளேன்ல சாப்புடறதுக்கு ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க மாமா. ரெண்டு நாளாச் சோறே எறங்கலீங்க. மருந்து கெடைக்குதுன்னு தெரிஞ்சப்பறம் முழுசாத் தின்னுட்டேன்."

"அது செரி." மறுபடியும் செருமினார். "வாழக்கா வெல சுத்தமாப் படுத்துருச்சு கண்ணு."

"மாமா, இப்பப் போயி வாழக்காயச் சொல்லிட்டு…" என்று அவள் சிரித்தாள்.

விமான நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதானால் நகரத்துப் பக்கம் திரும்ப வேண்டும். நான் காளப்பட்டி வழியில் திருப்பினேன். அவள் பெட்டியைத் திறந்து ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. சரவணம்பட்டி வந்தது. கண்ணாடிக் கட்டடங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியப்பா, வழி மாறி வந்துட்டீங்க. இது சரவணம்பட்டிங்க. ஆஸ்பத்திரி அந்தப் பக்கமில்லீங்களா?"

வாழ்நாள் முழுக்க வழி சொல்லிப் பிழைத்தவன் நான். வழி மாறிவிட்டாய் என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் உண்மையாகவே மாறியிருக்கக் கூடாதா என்று இருந்தது. ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன். நாச்சிமுத்து துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அவள் மாமனைப் பார்த்தாள். என் முதுகைப் பார்த்தாள்.

"நேரா ஊட்டுக்குப் போறமுங்களா?"

"ஆமாங் கண்ணு" என்றார் நாச்சிமுத்து.

"எப்பங்க?"

"நேத்துக் காத்தால."

"நேத்தா?" அவள் எதையோ யோசித்தாள். "நேத்துப் பொழுதோட அம்மாகிட்டப் போனைக் குடுங்கன்னு அப்பாகிட்டக் கேட்டேனே. தூங்கறாங்கன்னு சொன்னாரே."

அவள் அழவில்லை. துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறி, காரமடை வரும் வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் கார் நின்றதும் பெண்கள் ஓவென்று அழுதுகொண்டு வந்து அவள் கழுத்தைக் கட்டினார்கள். அவள் எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேரே அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும் தெரியலீங்கப்பா."

ரங்கசாமி மகளின் கையைப் பிடிக்கப் போனார். "அந்தரத்துல ஒத்தையா உக்காந்து அழுதுட்டு வருவியே கண்ணு. நாலு மணி நேரம். புடிச்சுக்கறதுக்குப் பக்கத்துல ஒரு கை இல்லாம… அதுக்குத்தான்…"

"அழுதுட்டு வந்திருப்பேனுங்கப்பா. எங்கம்மாவுக்கு நான் அழுதுட்டு வந்திருப்பேன். இப்பச் சோறு தின்னுட்டு வந்திருக்கறேன். படம் பாத்துச் சிரிச்சுட்டு வந்திருக்கறேன். மருந்து கெடைச்சதுன்னு சென்னையில நின்னு சாமி கும்பிட்டிருக்கறேன். அம்மா போனப்பறம் ஒரு நாள் முழுக்க நான் சந்தோசமா இருந்திருக்கறேனுங்கப்பா."

ரங்கசாமி மகளின் காலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு பிரீசர் பெட்டியைத் திறந்தார்கள். முறைக்கு எண்ணெயையும் அரப்பையும் மூன்று தடவை தொட்டுத் தலையில் வைத்தால் போதும். சுதா உட்கார்ந்து, நோம்பி பண்டிகை நாளில் தலை முழுகுகிறவளுக்குத் தேய்ப்பது போலத் தலை முழுக்கத் தேய்த்தாள். முடிச் சிக்கலை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நெருக்கிக்கொண்டிருந்த பெரியவர்களில் ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை. நேர் விமானத்தில் வந்திருந்தால் விடியற்காலையிலிருந்து அம்மாவோடு உட்கார்ந்திருக்கலாம். அவளுக்குக் கிடைத்தது அரப்புத் தேய்க்கிற நேரம்.

மருந்துப் பெட்டி என் காரிலேயே கிடந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய், வேறு யாருக்காவது ஆகட்டும் என்று நீட்டினேன். குளிர் விட்டுப்போயிற்று, உதவாது என்று சொல்லிவிட்டார்கள்.

காரியம் முடிந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பும் முன் சுதா கடைக்கு வந்தாள். டிக்கெட்டுக்காக அல்ல, அதை அவளே போட்டிருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, அப்பாவுக்கு ஒண்ணுன்னா எனக்கு நீங்க நெசத்தைச் சொல்லோணும். போயிட்டாருன்னாப் போயிட்டாருன்னே சொல்லோணும்."

"அது என்ற வேலையில்லை அம்மணி. சேதி சொல்றது சொந்தக்காரங்க வேலை. என்ற முதலாளி போட்ட முறை அது" என்று, பம்பாய்க்காரன் கதையைச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டாள். "பாவந்தானுங்க அவரு. ஆனா அவரு உழுந்ததைத்தான் எல்லாரும் பாத்தீங்க. உழுகாம வந்து சேந்தவங்க என்ன ஆனாங்கன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா பெரியப்பா? உங்க கடையில வந்த எத்தனை பேரு என்னையாட்டச் சிரிச்சுட்டு வந்து எறங்கியிருப்பாங்க?"

நான் வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் ஞாபகத்துக்கு வந்தது. சேர்த்ததோடு நான் திரும்பிவிடுவேன். உள்ளே போய் அவர்கள் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"சொல்றேன் கண்ணு" என்றேன். சொல்லிவிட்டால் மாறமாட்டேன், அது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அதன் பிறகு கடையை மூடிவிட்டேன். வயதாகிவிட்டது, கூட்டமும் குறைந்துவிட்டது. ரங்கசாமியை அடிக்கடி போய்ப் பார்ப்பேன். மகள் தினமும் போன் செய்வாள். முன்பு போலத்தான் பேசினாள், ஆனால் அப்பா எதைச் சொன்னாலும், "நெசந்தானுங்களே?" என்று ஒரு தடவை கேட்பாளாம். "சாப்புட்டேன்னு சொன்னாக்கூடக் கேக்கறாங்ணா" என்று ரங்கசாமி என்னிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

போன ஆண்டு ஒரு காலையில் ரங்கசாமி வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது வாய்க்கால் மேட்டிலேயே சாய்ந்துவிட்டார். நாச்சிமுத்து போன் செய்தார்.

"அண்ணா, மாமனும் போயிட்டாருங்க. அம்மணிக்கு நெஞ்சு வலின்னு சொல்லிட்டிருக்கறோம். நீங்களும் அப்புடியே…"

"இல்லை நாச்சிமுத்து. நான் நெசத்தைச் சொல்லப் போறேன்."

"அவ வயித்துல புள்ளையில்ல, ஒண்ணுமில்ல, சொன்னா என்னன்னு நெனைக்கறீங்களா? ஒத்தையா வாரவ! உங்களுக்கென்னங்க உரிமை?"

"உரிமை அவ குடுத்தது" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாச்சிமுத்து இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

சுதாவைக் கூப்பிட்டேன். எத்தனை ஆயிரம் போன் பேசியிருப்பேன், அன்றைக்கு எண்ணை ரெண்டு தடவை தப்பாகத் தட்டினேன்.

"அம்மணி, மாப்பிள்ளை பக்கத்துல இருக்கறாரா?"

"இருக்கறாருங்க பெரியப்பா."

"உக்காரு கண்ணு."

"உக்காந்துட்டேனுங்க." அதற்குள் குரல் மாறிவிட்டது.

"அப்பா போயிட்டாரு. காத்தால, தோட்டத்துல. நான் போயிப் பாத்துட்டுத்தான் பேசறேன். மொகம் தெளிவா இருக்குது."

"நெசந்தானுங்களா?"

"நெசம் கண்ணு."

அந்தப் பக்கம் அவள் கத்தியதை எழுத எனக்குத் தெரியாது. நான் போனை வைக்கவில்லை. மாப்பிள்ளை வாங்கிப் பேசும் வரைக்கும் காதிலேயே வைத்திருந்தேன்.

அன்று இரவு நேர் விமானத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவள் மட்டும் வந்தாள். விடிகிற நேரத்தில் விமான நிலைய வாசலில் நான் தனியாக நின்றேன். கண்ணும் முகமும் வீங்கி, துப்பட்டா கசங்கி வந்தாள். "விமானம் சரியான நேரத்துக்கு வந்துருச்சு அம்மணி" என்றேன். தொழில் பழக்கம். அவள் தலையை ஆட்டினாள். பையை வாங்கி வண்டியில் வைத்தேன். முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே பேசினாள்.

"ஏறுனதுலருந்து அழுதேனுங்க பெரியப்பா. பக்கத்து சீட்டுல ஒரு மலையாளத்து அம்மா. பாலக்காட்டுக்குப் போறவங்க. என்னன்னு கேட்டாங்க. அச்சன் போயின்னு எனக்குத் தெரிஞ்ச மலையாளத்துல சொன்னேன். அப்பறம் அவங்க ஒண்ணுமே கேக்கலீங்க. சாப்பாடு வந்துது, வேண்டாம்னு அவங்களும் திருப்பிக் குடுத்துட்டாங்க. எறங்கற வரைக்கும் என்ற கையை வுடவே இல்லீங்க."

சொல்லும்போது அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.